ஆயில் விளக்கு எந்தப் பிரிவு?

நீர்ப் பரிசோதனை நிலையத்தில் அந்த ஓட்டுநருக்கு முகத்துக்கு நேரே டிரைவர் என்று பெயர், முதுகுக்குப் பின்னால் பாம்புக்காது. வண்டி கேட்டுக்குள் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் கல் மாட்டியிருக்கிறது, எந்த பெல்ட் இன்னும் பத்து நாளில் அறுந்துபோகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இருபத்து மூன்று வருடத்தில் நான்கு இயக்குநர்களைச் சுமந்திருக்கிறார், இரண்டு கார்களை ஓட்டியிருக்கிறார். ஒரு எஞ்சின்கூட அவர் கையில் செத்ததில்லை. அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

மனிதர்களை அவர் அவ்வளவாக மதித்ததில்லை. எஞ்சினுக்கு வலித்தால் கத்தும், வலிக்காவிட்டால் சும்மா இருக்கும். இந்த நிலையத்து ஆட்களோ வலிக்காதபோது கத்துவார்கள், கத்த வேண்டிய நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்களின் வரிசையில் அவர் முதலிடம் கொடுத்திருந்தது தன் சொந்த மச்சினனுக்கு.

மனைவியின் தம்பி. அதே நிலையத்தில் மின்பிரிவில் எலக்ட்ரீஷியன். இவர் கையைக் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலைதான். அவனுக்கு அங்கே பட்டப்பெயர் 'சரிங்க'. காலை எட்டரைக்கு ஒரு சரிங்கவில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு இன்னொரு சரிங்கவில்தான் முடிப்பான். ஃபேனைக் கழற்று என்றால் சரிங்க. கழற்றியதை மாட்டு என்றால் சரிங்க. எதற்குக் கழற்றினாய் என்று கேட்டாலும் சரிங்க.

"உன் தம்பிக்கு முதுகெலும்பு வைக்க ஆண்டவன் மறந்துட்டான்" என்பார் ஓட்டுநர், வாரத்துக்கு ஒரு தடவையாவது.

"உங்களுக்கு மட்டும் ரெண்டா வச்சிருக்கான்?" என்பாள் மனைவி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். அவள் பேச்சும் கத்தரிக்கோல் பேச்சுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, இயக்குநரை நிலையத்தில் இறக்கிவிட்டுப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போகும்போது, வெள்ளைக் காரின் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு கண்ணடித்தது. எண்ணெய்க் குவளை படம் போட்ட விளக்கு. ஒருமுறை மினுக்கி அணைந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மறுபடி வந்து, இந்தத் தடவை அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் அந்த நொடியே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஷெட்டுக்கு இன்னும் முப்பது அடி இருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"முப்பது அடி ஓட்டினா என்னய்யா குறைஞ்சுடும்?" என்று மூச்சிரைத்தான் வாட்ச்மேன்.

"உனக்கு மூச்சு நின்னப்புறம் முப்பது அடி நடந்து காட்டு, பாக்கலாம்."

பானட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் மேல்கோடு வரைக்கும் இருந்தது. ஆனால் கரி மாதிரி கறுப்பு. விரலில் தேய்த்தால் தார் மாதிரி ஒட்டியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியதாக எஞ்சின் பிரிவின் அட்டையில் வரிசையாகக் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது, எண்ணெயை மாற்றவில்லை. எண்ணெய் இருக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அடியில் சல்லடை அடைத்திருக்க வேண்டும், இல்லை பம்பு போயிருக்க வேண்டும்.

இனி எஞ்சினைக் கிளப்பக்கூடாது. பிரஷர் எவ்வளவு என்று ஒரு கேஜ் மாட்டிப் பார்த்து, எண்ணெய் தேங்கி நிற்கும் அடிச்சட்டியைக் கழற்ற வேண்டும். கேஜ் மாட்ட ஐந்து நிமிடம். ஆனால் இங்கே எதைத் தொடுவதற்கும் முதலில் புகார்ப் படிவம் எழுதியாக வேண்டும்.

புகார் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அம்மாள் தலையை நிமிர்த்தி யாரையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஜன்னல் வழியாகக் கை மட்டும் வந்து படிவத்தை வாங்கிக்கொண்டது. படிவத்தில் இரண்டே கட்டம். ஒன்று எஞ்சின் பிரிவு, மற்றது மின்பிரிவு.

"என்ன கோளாறு?"

"ஆயில் விளக்கு எரியுதும்மா."

"விளக்கா?" பேனா மின்பிரிவுக் கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு. அது எஞ்சினுக்கு ஆபத்துன்னு சொல்லுது. எஞ்சின் பிரிவுல போடுங்க."

"அப்ப எஞ்சின் ஃபோர்மேன் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றது ஜன்னல். படிவம் ஃபோர்மேனிடம் போனது.

ஃபோர்மேன் நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. எஞ்சின் பிரிவில் பதினாறு வருடம் இருந்தும் விரல் நகத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாத மனிதர். அதுவே அவருடைய வேலைத் திறமைக்குச் சாட்சி. மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்து, கம்பியை ஓட்டுநரையே உருவச் சொல்லி, தூரத்தில் நின்று பார்த்தார்.

"ஆயில் ஃபுல்லா இருக்கே."

"இருக்கு சார். பிரஷர் இல்லை. ஒரு கேஜ் போட்டுப் பாத்துடுங்க."

"ஆயில் இல்லைன்னாதான் ஆயில் விளக்கு எரியணும். ஆயில் இருக்கு, விளக்கு எரியுது. அப்ப தப்பு யார் மேல? விளக்கு மேல."

"சார், நாம வேலை பாக்கறது தண்ணி ஆபீஸ்ல. கீழ்த்தொட்டி நிறைய தண்ணி நிக்குது. மோட்டார் இழுக்கலைன்னா மாடிக் குழாயில தண்ணி வருமா? அப்ப தொட்டியில எட்டிப் பாத்துட்டு, தண்ணி இருக்கு, குழாய்தான் பொய் சொல்லுதுன்னு போயிடுவீங்களா?"

இதைவிட எளிதாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அதைப் புரிந்துகொண்டால் அட்டையில் இருக்கும் கையெழுத்துகளுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். ஃபோர்மேன் அப்படிப்பட்ட அவசரத்தில் இல்லை. படிவத்தை வாங்கி, 'எண்ணெய் அளவு சரி. எஞ்சினில் குறையில்லை. விளக்கு தேவையின்றி எரிகிறது. மின்பிரிவு சரிசெய்யவும்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து மட்டும் அவருக்கு அழகு. போக்குவரத்து அதிகாரி அதன் கீழே ஒரு வட்டம் சுழித்தார். அவர் கையெழுத்தே ஒரு வட்டம்தான்.

புதன்கிழமை காலை ஓட்டுநர் ஷெட்டுக்கு வந்தபோது ஸ்டீயரிங்கில் படிவம் செருகியிருந்தது. 'சரி செய்யப்பட்டது' என்ற முத்திரை. சந்தேகத்தோடு உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். எஞ்சின் கிளம்பும் முன் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் வகுப்பில் எல்லோரும் கை தூக்குகிற மாதிரி. பாட்டரி விளக்கு கை தூக்கியது. பிரேக் விளக்கு தூக்கியது. எண்ணெய்க் குவளை இருந்த இடத்தில் இருட்டு.

பல்பைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள்.

ஓட்டுநருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மின்பிரிவு அறைக்குப் போய் மச்சினனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்து வந்தார்.

"எவன்டா பல்பைப் புடுங்கினது?"

"நான்தான் மாமா." அவன் தரையைப் பார்த்தான். "விளக்கு எரியக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் பாத்தேன், விளக்குல ஒண்ணும் இல்லை, ஒயர்லயும் ஒண்ணும் இல்லை. சொன்னேன். பத்து மணிக்குள்ள அணையணும்னு அதிகாரி சொன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரிங்கன்னேன்."

"வீடு தீப்பிடிச்சு ஒருத்தன் கத்தினா, கத்தறவன் வாயில துணியை அடைச்சுட்டு வந்து நிப்பேடா நீ! சாப்பாட்டுல உப்பு போட்டுத்தானே திங்கறே?"

அதற்குள் வாசலில் மணி அடித்தது. இயக்குநர் புறப்பட்டுவிட்டார். முப்பது கிலோமீட்டர் தள்ளி மேலிடத்துக் கூட்டம், பதினொரு மணிக்கு. கையில் கோப்போடு போர்டிகோவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போக்குவரத்து அதிகாரி பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"வண்டி ரெடியா? ஏதோ லைட் பிரச்சினைன்னாங்களே" என்றார் இயக்குநர்.

"சரி பண்ணியாச்சு மேடம். பேப்பர் இருக்கு" என்றார் அதிகாரி.

ஓட்டுநரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்பையே பிடுங்கிட்டாங்க மேடம், இந்த வண்டி ஓடக்கூடாது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, யார் பிடுங்கியது. தூண் மறைவில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடத்தில்.

"போலாமா டிரைவர்?"

"சரிங்க மேடம்" என்றார் ஓட்டுநர்.

மெதுவாக ஓட்டினார். காதைத் தவிர உடம்பில் வேறு எதுவும் இல்லாதவர் மாதிரி ஓட்டினார். எட்டாவது கிலோமீட்டரில் பாலம் ஏறும்போது அது வந்தது. அடியிலிருந்து ஒரு தட்டல். டக், டக், டக் என்று, பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல. இன்னும் அரை கிலோமீட்டர் போனால் எஞ்சின் இறுகிவிடும். சாவியைத் திருப்பி அணைத்து, இருக்கிற வேகத்திலேயே வண்டியை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?"

"எஞ்சின் தட்டுது மேடம். இனிமே ஓட்டக்கூடாது."

இயக்குநர் முன்பக்கம் எட்டி டேஷ்போர்டைப் பார்த்தார். "லைட் ஒண்ணும் எரியலையே?"

படித்த பெண்மணி. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்டுபிடிப்பதில் பட்டம் வாங்கியவர். அவருக்கும் விளக்குதான் வேண்டியிருக்கிறது. இயக்குநர் வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. வெள்ளைக் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஷெட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் மெமோ வந்தது. 'எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாத நிலையில், தன் காதை மட்டும் காரணம் காட்டி, வாகனத்தை நடுவழியில் நிறுத்தி இயக்குநரின் பணிக்கு இடையூறு செய்த உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது?' அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. விசாரிக்கப் போகிறவர்கள் நிர்வாக அதிகாரி, போக்குவரத்து அதிகாரி, ஃபோர்மேன். அதாவது பாத்திரத்தை உடைத்தவர்கள் இரண்டு பேர், பார்க்காதவர் ஒருவர்.

சாயங்காலம் வீட்டில், பல்பைப் பிடுங்கிவிட்ட கதையை மட்டும் அவர் சொல்லக் கேட்டு, மனைவி மெமோவை இரண்டு தடவை படித்தாள். கட்டிலில் பாதி வெட்டிய நீலத் துணி விரித்துக் கிடந்தது.

"பல்பைப் புடுங்கினது உங்க ஆளுங்கதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"புடுங்கினது உன் தம்பி."

அவள் மெமோவை மடித்துத் துணிமேல் வைத்தாள். தம்பிக்காகக் கெஞ்சுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் ஓட்டுநர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தார்.

"அவன் பயந்தாங்கொள்ளி, புடுங்கிட்டான். அது எனக்குப் புரியுது" என்றாள் கடைசியில். "பல்பு இல்லைன்னு தெரிஞ்சும் நீங்க ஏன் வண்டியை எடுத்தீங்க?"

"மேடம் நின்னுட்டிருந்தாங்க. உன் தம்பியைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு..."

"பல்பு கதையே வேணாம். எஞ்சின் சத்தம் சரியில்லை, ஓட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊரே உங்க காதைப் பத்திப் பேசுது. நீங்க என்ன சொன்னீங்க மேடத்துகிட்ட?"

அவள் துணியை மடக்கிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். அந்த ராத்திரி மட்டுமல்ல, அடுத்த நான்கு நாளும் அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டு கிடந்தது. இருபது வருடமாக அவனைப் பார்த்துச் சிரித்த வார்த்தை. தனக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. மச்சினன் அந்த நாட்களில் வீட்டுப்பக்கமே தலைகாட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, தெருக்கோடி ஒர்க்ஷாப்பில் ஒரு பிரஷர் கேஜை இரவல் வாங்கித் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனார். ஒரு முடிவோடுதான் போனார். வேலை போனால் ஐம்பத்தொரு வயதில் இன்னொரு ஸ்டீயரிங் கிடைக்காது. பல்பு இல்லாததைக் காட்டிவிட வேண்டியதுதான். மச்சினன் மாட்டினால் மாட்டட்டும். இப்படி முடிவெடுத்தது அவருக்கே பிடிக்கவில்லை.

"அன்னிக்கு ஆயில் விளக்கு எரிஞ்சுதா, இல்லையா?" என்றார் போக்குவரத்து அதிகாரி.

"எரியலை."

"எரியலை. எழுதிக்குங்க. அப்புறம் எதை வச்சு நிறுத்தினே?"

"சத்தம் கேட்டுச்சு."

"சத்தத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றார் ஃபோர்மேன். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"விளக்கு ஏன் எரியலைன்னு வண்டியில வந்து பாருங்க சார். சாவியைத் திருப்பினா போதும்" என்றார் ஓட்டுநர்.

நான்கு பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். போக்குவரத்து அதிகாரி சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். பாட்டரி விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. நடுவில் எண்ணெய்க் குவளை, செக்கச் செவேலென்று எரிந்தது.

ஓட்டுநர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் ஷெட் வாசலில் கருவிப் பையோடு மச்சினன் நின்றுகொண்டிருந்தான்.

"எரியுதே!" என்றார் நிர்வாக அதிகாரி.

"பழைய கோளாறு திரும்ப வந்துடுச்சு சார். மின்பிரிவு வேலை அவ்வளவுதான்" என்றார் ஃபோர்மேன்.

போக்குவரத்து அதிகாரி வாசல் பக்கம் கையை நீட்டினார். "ஏய் சரிங்க, இங்க வா. இதைக் கழட்டு."

மச்சினன் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

"முடியாதுங்க சார்."

"என்ன?"

"விளக்கு நல்லா இருக்கு. அன்னிக்கு நீங்க சொன்னதும் பல்பைப் புடுங்கினது நான்தான். எங்க மாமா ஓட்டினப்போ அங்க பல்பே இல்லை. நேத்து சாயந்திரம் திரும்ப மாட்டினதும் நான்தான். எஞ்சின் கெட்டிருக்கு சார். அதைப் பாருங்க."

இவ்வளவு நீளமாக அவன் பேசி ஓட்டுநர் கேட்டதில்லை. மாட்டிவிட வந்த ஆளை அவனாகவே வந்து காப்பாற்றிவிட்டான். ஓட்டுநருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. துணியை அவிழ்த்து கேஜை எடுத்தார். மச்சினன் எஞ்சினின் பக்கவாட்டில் ஆயில் விளக்கை எரியவைக்கும் ஸ்விட்சைக் கழற்றிக் கொடுக்க, அந்த ஓட்டையில் இவர் கேஜை முடுக்கினார். ஐந்தே நொடி எஞ்சினை ஓட விட்டு அணைத்தார். முள் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"பாத்தீங்களா சார்? பூஜ்யம்."

ஃபோர்மேன் குனிந்து கேஜைப் பார்த்தார். நிமிர்ந்தார். "கேஜ் ரிப்பேரா இருக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. மூன்று பத்தி. ஓட்டுநர் அதை நின்றபடியே படித்தார்.

முதல் பத்தியில், விளக்கு பொருத்தப்பட்டிராத காலத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியது மன்னிக்கப்படுகிறது, இனிமேல் காதை அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாதென்று எச்சரிக்கப்படுகிறார் என்று இருந்தது. முத்திரையில்லாத வெளிக் கேஜ் காட்டிய அளவு ஏற்கப்படவில்லை.

இரண்டாம் பத்தி எலக்ட்ரீஷியனுக்கு. ஒரு மாதம் சஸ்பெண்ட். பல்பைக் கழற்றியதற்காக அல்ல. கழற்றியதற்குப் படிவம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, வட்டம் இருக்கிறது. அது முறையான பணி. அவன் செய்த குற்றம், எந்தப் படிவமும் இல்லாமல் தன் இஷ்டத்துக்குப் பல்பைத் திரும்ப மாட்டியது.

மூன்றாம் பத்தி, அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட அந்த விளக்கை உடனே அகற்றிவிட்டு, குறையேதும் இல்லாத வாகனத்தை இன்றே பணிக்கு அனுப்ப வேண்டும் என்றது.

இன்னொரு எலக்ட்ரீஷியன் வந்து அரை மணியில் வேலையை முடித்துவிட்டுப் போனான். போக்குவரத்து அதிகாரி சாவியை நீட்டினார். "மேடம் வீட்டுல காத்துட்டிருக்காங்க. போய்க் கூட்டிட்டு வா."

ஓட்டுநர் சாவியைப் பார்த்தார். ஷெட் வாசலில், சஸ்பெண்ட் தாளை வாங்க வந்த மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"முடியாதுங்க சார்" என்றார்.

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது அப்படியொன்றும் பெரிய வார்த்தை இல்லை. தொண்டையிலிருந்த முள் இறங்கிவிட்டது.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். போனாப் போகட்டும். செத்துக்கிட்டிருக்கற வண்டியை நான் கொல்ல மாட்டேன்."

"இங்க குடுங்க சார் அதை" என்று ஃபோர்மேன் முன்னால் வந்தார். "ஆயில் ஃபுல்லா இருக்கு, விளக்கு ஒண்ணும் எரியலை, இந்த ஆளு சும்மா படம் காட்டறாரு. நானே ஓட்டிக் காட்டறேன்."

"சார், எங்கமேல இருக்கற கோபத்தை எஞ்சின்மேல காட்டாதீங்க. எடுக்காதீங்க" என்றார் ஓட்டுநர். கையெடுத்துக் கும்பிட்டுக்கூடச் சொன்னார். எஞ்சினுக்காக.

ஃபோர்மேன் இஸ்திரிச் சட்டை கசங்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். டக், டக், டக். வாட்ச்மேனுக்கே கேட்டது. கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து போனது. மற்றவர்களுக்குத்தான் தேய்ந்தது. ஓட்டுநர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நின்னுடுச்சா மாமா?"

"இறுகிடுச்சு." அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. "நல்ல எஞ்சின்டா மாப்ள. பன்னெண்டு வருஷம் ஒரு பேச்சு பேசாம ஓடினது."

மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். ஓட்டுநர் அவன் தோளில் கையை வைத்தார். இத்தனை வருடத்தில் அதுவும் முதல் தடவைதான்.

முக்கால் மணி நேரம் கழித்து ஃபோர்மேன் நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையிலும் கறுப்பு. யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்.

"ஒரு விளக்குகூட எரியலைய்யா! ஒண்ணுகூட எரியலை!"

போக்குவரத்து அதிகாரி, "முதல்ல புகார் எழுதிக் குடுங்க" என்று உள்ளே போய்விட்டார். அப்படித்தான் ஃபோர்மேன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புகார் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே எழுத்தர் அம்மாள் வழக்கம்போலத் தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன கோளாறு?"

"வண்டி நின்னுடுச்சு."

"விளக்கு ஏதாவது எரிஞ்சுதா?"

"இல்லை. அதைத்தான் சொல்றேன், ஒண்ணுமே எரியலை."

"அப்ப மின்பிரிவு இல்லை." பேனா நகர்ந்து எஞ்சின் பிரிவுக் கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டது. கை ஜன்னல் வழியாக வெளியே வந்து படிவத்தை நீட்டியது. "ஃபோர்மேன்கிட்ட குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."